குர்ரோ என்றால் ஓடுகிறேன்

எனக்கு லத்தீன் மொழியில் ஒரே ஒரு வினைச்சொல் முழுதாகத் தெரியும். அதை டாலிகஞ்சில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் போர்ட் பிளேரை அறிந்தவர்கள் சிரிக்கிறார்கள். டாலிகஞ்ச் ஊரின் ஓரத்தில் இருக்கிறது. மளிகைக் கடை, மீன் கடை, பஞ்சர் கடை எல்லாம் அங்கே உண்டு. இந்தி, வங்காளி, தெலுங்கு, மலையாளம் நான்கும் அந்தத் தெருவிலேயே காதில் விழும். லத்தீன் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கப்பலில் வந்தது. என் சித்தி கொண்டுவந்தாள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. எங்கள் வீடு ஷாதிபூரில். அப்பாவுக்கு அரசாங்க வேலை. மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து, பிறகு தன் தம்பியையும் வரவழைத்து எங்களோடு வைத்துக்கொண்டார். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால் சித்தப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சைக்கிள் ஓட்டப் பழக்கியது, மீசை முளைத்ததும் கேலி செய்தது எல்லாம் அப்பாதான். சித்தப்பா டாலிகஞ்சில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்தார். காலையில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதும் மாலையில் கூட்டிவருவதும் அவர் பொறுப்பு.

ஒரு புதுவகை எஞ்சினைப் பழகுவதற்காகச் சித்தப்பாவை ஒரு முறை தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் செல்போனும் கையுமாகவே இருந்தார். மறு வருஷம், நண்பனுக்குக் கல்யாணம் என்று சொல்லி மறுபடி தூத்துக்குடிக்குப் போனார். கல்யாணம் நடந்தது உண்மைதான். மாப்பிள்ளை யார் என்பதில்தான் கொஞ்சம் மாறுதல்.

ஹாடோ துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றபோது தம்பியை வரவேற்க அப்பாவும் நானும் போயிருந்தோம். சித்தப்பாவுக்குப் பின்னால், கடல் மயக்கத்தில் வெளிறிப்போய், ஒரு தகரப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சித்தி நின்றாள். அப்பா கத்தவில்லை. மானாமதுரையில் இருக்கும் அத்தையின் மகளைத்தான் சித்தப்பாவுக்கு முடிப்பதாக அவர் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது. அன்று மதியமே அலைந்து திரிந்து டாலிகஞ்சில் ஒரு மாடி அறை பிடித்தார். தகரப் பெட்டியைத் தானே தோளில் வைத்து மாடிக்கு ஏற்றினார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அன்றிரவு அத்தையிடம் போனில் அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. “ஆமாக்கா, ஓடி வந்துட்டாங்க. நான் என்னக்கா பண்ண?” மறுநாள் பக்கத்து வீட்டு வங்காளி மாஷி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் ரகசியக் குரலில் கேட்டாள். “பாக் கே ஆயீ?” அம்மாவும் குரலைத் தாழ்த்தி, “ஹாங் தீதீ, பாக் கே” என்றாள். பாக் என்றால் ஓடு. அந்த அளவு இந்தி தீவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

தமிழிலும் சொல்கிறார்கள், இந்தியிலும் சொல்கிறார்கள். இரண்டு மொழியில் பரவியிருக்கிறது என்றால் சாதாரண ஓட்டமாக இருக்காது. சித்தி பெரிய ஓட்டக்காரி என்று நான் தெரிந்துகொண்டேன். நடுவில் கடல் இருப்பதுதான் கொஞ்சம் இடித்தது. துறைமுகம் வரைக்கும் ஓடி, அங்கே கப்பல் ஏறியிருப்பாள் என்று அதையும் சரிசெய்துகொண்டேன்.

பேச்சு நின்றாலும் என் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. காலையில் சித்தப்பாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் வந்து நிற்கும். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பாமல், “பாப்பா, வண்டி வந்துருச்சு” என்பார், ஏதோ அரசாங்க பஸ் வந்துவிட்டதைப்போல. பள்ளி விட்டதும் டாலிகஞ்ச் மாடி அறையில் இருப்பேன். ஆபீஸ் முடிந்து வரும் அப்பா மாடி ஏறமாட்டார். சாலையில் நின்று ஹார்ன் அடிப்பார். அம்மா தினமும் என் கையில் ஒரு தூக்குவாளி கொடுத்து அனுப்புவாள். “சித்தப்பாவுக்கு மட்டுந்தான்” என்று கண்டிப்பாகச் சொல்வாள். அதில் இரண்டு பேருக்குத் தாராளமாகக் குழம்பு இருக்கும்.

முதல் வாரம் முழுக்க நான் சித்தியின் கால்களைக் கவனித்தேன். மெலிந்த கால்கள். ஒரு கொலுசு. பெரிய ஓட்டக்காரி என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பள்ளியில் விளையாட்டு விழா வரப்போகிறது என்று அறிவித்த அன்று, இனிமேல் தாமதிக்கக்கூடாது என்று கேட்டுவிட்டேன்.

“சித்தி, நீங்க ரொம்ப வேகமா ஓடுவீங்களாமே?”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “யாருட்டி சொன்னது?”

“எல்லாருந்தான். அப்பா, மாஷி, மானாமதுரை அத்தை.”

 சித்தி சிரிக்கத் தொடங்கினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வெங்காயம்தான் காரணம் என்று நினைத்தேன்.

“ஆமாட்டி, ஓடுனேன். திரும்பிக்கூட பாக்கல.”

“ஃபர்ஸ்ட் வந்தீங்களா?”

கொடியில் காய்ந்த சித்தப்பாவின் சட்டையை ஒரு தடவை பார்த்தாள். “கப்ப கெளம்புறதுக்குள்ள வந்துட்டேன். அது போதாதா?”

எனக்குப் போதும். எனக்கும் ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். காலால் ஓடத் தனக்கு உண்மையில் தெரியாது என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். விடாமல் நச்சரித்ததில், “சரி, வாயால ஓடச் சொல்லித் தாரேன். அதுதான் எங்கப்பா எனக்குத் தந்தது” என்றாள்.

சித்தியின் அப்பா தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை மாதா கோயிலில் உபதேசியார். வேதம் படித்துக் கொடுப்பார், ஜெபம் சொல்லுவார். கோயிலில் எல்லாம் தமிழுக்கு மாறிப் பல காலம் ஆன பிறகும் அவருக்கு லத்தீன்மேல் ஆசை போகவில்லை. கற்றுக்கொள்ள யாரும் வராததால் மகளைப் பிடித்து உட்காரவைத்தார். மகளும் எல்லாப் பாடத்திலும் தப்பித்து, ஓடு என்ற ஒரு சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டாளாம்.

“குர்ரோன்னா, நான் ஓடுதேன். குர்ரிஸ், நீ ஓடுத. குர்ரித், அவன் ஓடுதான்.”

“அவ ஓடுறா?”

“அதுக்கும் குர்ரித்துதான். லத்தீன்ல ஆம்பள ஓடுனாலும் பொம்பள ஓடுனாலும் ஒரே சொல்லு. ஊருலதான் வேற வேற சொல்லு.”

பிறகு குர்ரிமுஸ், நாம் ஓடுகிறோம். குர்ரிதிஸ், நீங்கள் ஓடுகிறீர்கள். குர்ருந்த், அவர்கள் ஓடுகிறார்கள். இந்த ஆறையும் மூச்சு விடாமல் சொன்னால் கால் தானாக நகர ஆசைப்படும். இதை அன்று மாலையே கண்டுபிடித்தேன். அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினேன். கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர் மேலே வந்து, எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டீர்களா என்று சித்தப்பாவைக் கேட்டார்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரு விளையாட்டு அமைந்தது. ஜன்னலில் நின்று, ஓடுவதையெல்லாம் நான் சொல்லவேண்டும். அது லத்தீனில் ஓடுமா ஓடாதா என்று சித்தி தீர்ப்புச் சொல்வாள். மழைத் தண்ணீர் ஓடுது. குர்ரித். கப்பல் ஓடுது. குர்ரித், கப்பலுக்கும் அதே சொல்தான் என்று அவள் அப்பா கடலைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். தேர் ஓடும். தாராளமாக. அவர்கள் ஊரில் தேரோட்டத்தில் பந்தயமே வைப்பார்களாம். காலம் ஓடுது. ஓடும், ஓடும். சித்தப்பா பட்டறையில் எஞ்சின் ஓடுது. லத்தீன்காரர்கள் எஞ்சினைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் பாவம், ஓடட்டும். தியேட்டரில் படம் ஓடுது என்று சொன்னபோது சித்தி தயங்கினாள்.

“அது தெரியல. எங்கப்பாட்டதான் கேக்கணும்” என்றாள்.

“போன் பண்ணிக் கேளுங்க.”

அவள் தூக்குவாளியைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு அவள் சோம்பேறித்தனம் பிடிக்கவில்லை.

ஒரு நாள் என் பள்ளி டைரியைப் புரட்டியவள், அதில் ‘கோ-கரிகுலர்’ என்று இருந்ததைப் பார்த்துத் துள்ளிவிட்டாள். கரிகுலம் என்றால் ஓட்டம், பந்தயம், ஓடுகிற பாதை, இவ்வளவும் உண்டு, எல்லாம் நம்முடைய குர்ரோ பெற்ற பிள்ளைதான் என்றாள். பள்ளிக்கூடமே ஒரு ஓட்டப்பந்தயம் என்றால் என்னை ஏன் ஓடாதே ஓடாதே என்று வராந்தாவில் அதட்டுகிறார்கள் என்று கேட்டேன். சித்தி டைரியை மூடிப் பையில் வைத்தாள். இப்போது நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை செய்கிறேன். திரையில் துடிக்கும் அந்தச் சின்னக் கோட்டுக்குக் கர்சர், அதாவது ஓடுகிறவன், என்று பெயர். என் ஆபீஸில் அதன் குடும்பம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது எங்கள் பி.டி. சார் வகுப்புக்கு வந்து, வீட்டுப் பெண்களுக்கும் ஒரு ஓட்டம் உண்டு, யார் அம்மா ஓடுவார்கள் என்று கேட்டார். அவர் தடித்த, நல்ல மனுஷர். எல்லா மாநிலத்துப் பிள்ளைகளோடும் இந்தியில்தான் பேசுவார். என் சித்தி பெரிய சேம்பியன், மெயின்லேண்டிலிருந்து ஓடி வந்தவள் என்று சொல்ல நான் எழுந்து நின்றேன்.

“சார், மேரி சாச்சி பஹுத் படி சேம்பியன் ஹை. மெயின்லேண்ட் ஸே பாக் கே ஆயீ ஹை.”

சார் எழுதுவதை நிறுத்தினார். “பாக் கே?”

“ஹாங் சார். சாச்சா கே ஸாத்.”

சித்தப்பாவோடு சேர்ந்து ஓடினாள் என்பதை, அவருக்கும் கொஞ்சம் பெருமை கிடைக்கட்டும் என்றுதான் சேர்த்துச் சொன்னேன். சாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வராந்தாவுக்குப் போய் இருமிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, சித்தியின் பெயரை எழுதிக்கொண்டார். மதியம் ஆசிரியர் அறையைக் கடந்தபோது உள்ளே பலருக்கும் அதே இருமல் பரவியிருந்தது.

சித்தியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. “ஒங்க அப்பா அம்மா வருவாவளா?” என்று கேட்டாள். வருவார்கள் என்றேன். “அப்ப நான் வரல.” சித்தப்பா எஞ்சின் எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அண்ணன் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனா, பிள்ளைங்க முன்னால உனக்குத்தான் அசிங்கம். வேணாம் விடு” என்றார் மெதுவாக.

எனக்கு அழுகை வந்தது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. “பயந்து ஓடிட்டீங்கன்னு சொல்லுவாங்க” என்று விம்மினேன்.

சித்தி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “பயந்து ஓடுததுக்கு லத்தீன்ல வேற சொல்லு இருக்குட்டி. ஃபூஜியோ. ஒண்ண விட்டு ஓடுதது அது. குர்ரோ அது இல்ல.” என்னிடம் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன், ஆனால் பார்வை சித்தப்பாமேல் இருந்தது. “நான் ஃபூஜியோவா ஓடுனேன்? இல்லல்லா? அப்ப எதுக்கு ஒளியணும்? வாரேன். ஓடுதேன்.”

மறுநாளிலிருந்து டாலிகஞ்சின் பின்பக்கச் சாலையில், சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு ஓடிப் பழகினாள். குர்ரோ குர்ரிஸ் குர்ரித் என்று கத்திக்கொண்டு நாங்கள் ஓட, பின்னால் இரண்டு நாயும் ஓடின. இவ்வளவு மோசமாக ஓடுகிறாளே என்று எனக்குக் கவலையாக இருந்தது. கடலைத் தாண்டி வந்த களைப்பு இன்னும் போகவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

விழா அன்று நல்ல வெயில். மைதானத்தின் ஒரு பக்கம் ஷாமியானா போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் மாஷியும் அங்கே உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம், வேலியை ஒட்டிய மரத்தடியில் சித்தப்பாவும் சித்தியும் வந்து நின்றார்கள். அப்பா பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைத் திருகத் தொடங்கினார்.

என் ஓட்டம் முதலில் வந்தது. குர்ருந்த் முடிவதற்குள் மூன்றாவதாக வந்துவிட்டேன். பரிசாக, மூடியில் வாத்துப் படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா கொடுத்தார்கள். அதை எல்லோருக்கும் காட்டுவதற்குள் பெண்களின் ஓட்டத்தை அறிவித்துவிட்டார்கள்.

மைக்கில் சித்தியின் பெயரும், அதோடு யாருடைய சாச்சி என்பதும் முழங்கியபோது அப்பாவின் தலை நிமிர்ந்தது. அம்மா அவரைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்தாள். கோட்டில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். சுடிதாரில் இரண்டு பேர், கான்வாஸ் ஷூ போட்ட மலையாள டீச்சரம்மா ஒருத்தி. சித்தி வெறுங்காலோடு, செருகிய சேலையோடு, உதடு அசைய நின்றாள். என்ன சொல்கிறாள் என்று மைதானத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

விசில் ஊதினார்கள். மற்றவர்கள் பறந்தார்கள். சித்தி கடைசி. இருந்தாலும் விடாமல் ஓடினாள், கொலுசு குலுங்க, கையை வீசிக்கொண்டு. பாதித் தூரத்தில், சரியாக ஷாமியானாவுக்கு முன்னால் வந்தபோது சேலை அவிழ்ந்து காலில் சுற்றி, முகம் குப்புற விழுந்தாள்.

மைதானம் ‘அய்யோ’ என்றது. சித்தப்பா மரத்தடியிலிருந்து பாய்ந்தார், ஆனால் தூரம். சித்தி முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். நிமிர்ந்தபோது நேர் எதிரே முதல் வரிசையில் அப்பா இருந்தார். அவள் எழுவதை அப்படியே நிறுத்திவிட்டாள். அழப்போகிறாள் என்று தெரிந்தது.

அப்பா நாற்காலி சாய எழுந்தார்.

“எந்திரி ஆத்தா! ஒண்ணுமில்ல, எந்திரி! ஓடு! ஓடுத்தா, ஓடு!”

அப்பா அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆத்தா என்று அவர் என்னை மட்டும்தான் கூப்பிடுவார், அதுவும் காய்ச்சல் வந்தால். எனக்கு லேசாகப் பொறாமை வந்தது. சித்தி சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் மண்ணும் ரத்தமும். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, ஓடினாள். எல்லோரும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கோட்டை நோக்கி, தனியாக, முழு வேகத்தில் ஓடினாள். அப்பாவும் ஓடுபாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே கூட ஓடினார். “விடாத, விடாத, ஓடு!”

மாஷி அம்மாவின் தொடையில் அடித்துச் சொன்னாள். “அரே ஸுனோ! அப் வோ குத் போல் ரஹா ஹை, பாக்!” இப்போது அவரே ஓடு என்கிறாரே என்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்போதுதான் அப்பாவுக்குத் தான் கத்தியது என்னவென்று காதில் விழுந்திருக்க வேண்டும். நடு வெயிலில் நின்றார். அம்மாவைப் பார்த்தார். மூச்சு வாங்க வந்து நின்ற தம்பியைப் பார்த்தார். வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். சித்தப்பா வேலிப் பக்கம் திரும்பி முகத்தைச் சட்டையில் துடைத்தார்.

“பட்டறை எப்பிடிடா போகுது?” என்றார் அப்பா, கண்ணாடியைத் துடைத்தபடி.

“ஓடுதுண்ணே” என்றார் சித்தப்பா. உடனே மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் முதன்முறையாகச் சித்தி ஷாதிபூர் வீட்டுக்குள் வந்தாள். அம்மா அவளை அடுப்படியில் முக்காலியில் உட்காரவைத்து, முழங்காலைக் கழுவி மருந்து போட்டாள். அம்மா திட்டிக்கொண்டே போட்டாள், சித்தி “சரிக்கா, சரிக்கா” என்று அழுதுகொண்டே சிரித்தாள். கூடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பேச ஒன்றும் கிடைக்காமல் மின்விசிறியின் சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். சித்தப்பா முத்தம் கொடுத்தார், கன்னம் ஈரமானது. அப்பா டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, “நல்லா இருக்கு ஆத்தா, ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

ஒரு மூன்றாம் பரிசு இந்தக் குடும்பத்தை இப்படி ஆட்டிவிடும் என்று நான் நினைக்கவே இல்லை. முதல் பரிசு வாங்கினால் இவர்கள் தாங்கமாட்டார்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் மெதுவாகவே ஓடுவது என்று அன்றிரவு முடிவு செய்துகொண்டு தூங்கினேன்.